ஒழுகிய மூலை

எங்கள் அப்பா அடைத்த ஓட்டை மறுபடி ஒழுகியதாக ஓலைத்தொடுவாயில் யாரும் சொல்லமாட்டார்கள். அவர் ஃபைபர் வள்ளங்களுக்கு அடி கட்டுகிறவர். கல்லில் மோதிப் பிளந்த வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, நார்த்துணி விரித்து, பசை பூசி, அது இறுகியதும் முழங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். அதோடு சரி. அந்த வள்ளம் பிறகு எந்தக் கடலுக்குப் போனாலும் தண்ணீர் அள்ளி ஊற்ற வாளி தேவைப்படாது. அப்படிப்பட்டவரின் முற்றத்தில் ஒரு கார் வாரக்கணக்கில் ஒழுகிக்கொண்டு நின்றது என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் நின்றது. அந்த ஒழுக்கால் நான் அழுத அழுகைக்கு அளவில்லை.

கார் எங்களிடம் வந்ததே ஒரு வேடிக்கை. பேசாலையில் ஒருவருடைய வள்ளத்துக்கு அப்பா முழு அடியும் புதிதாகக் கட்டிக் கொடுத்தார். அந்த மனிதர் கைம்மாறாகத் தன் வளவில் நின்ற பழைய மொறிஸ் மைனரைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். முன் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதை எழுப்ப மனமில்லாமல் கோழியையும் முட்டைகளையும் சேர்த்தே தந்தார்கள். குஞ்சு பொரித்து இறங்கும்வரை அப்பாவும் அந்தப் பக்கக் கதவைத் திறக்கவில்லை.

எஞ்சின் கொஞ்சம் இருமிவிட்டு ஓடத் தொடங்கிவிட்டது. கெட்டுப்போயிருந்தது முன்கண்ணாடியைத் தாங்கும் சட்டம்தான். உப்புக் காற்று அதன் கீழ்விளிம்பை அரித்துத் தின்றிருந்தது. கண்ணாடியைச் சுற்றியிருந்த றப்பரோ வெயிலில் காய்ந்து கருவாடாகியிருந்தது. சோளகக் காற்று அடித்தால் உள்ளே மணல் வரும். மழை பெய்தால் துருக் கலந்த தண்ணீர் வரும்.

இது எனக்கு ஏன் உயிர்ப் பிரச்சினை ஆனது என்றால், அந்த வருடம் எனக்கு முதல்நன்மை, அதாவது பூசையில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். மறைக்கல்வி வகுப்பில் பக்கத்தில் இருந்தவள், தன்னைக் கோவிலுக்கு வான் வண்டியில் கொண்டுபோவார்கள் என்றாள். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல், நாங்கள் எங்கள் சொந்தக் காரில் வருவோம் என்றேன். நுணலும் தன் வாயால் கெடும். செய்தி வகுப்பு எடுக்கும் சிஸ்டர்வரை போய்விட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "எங்களுக்கும் ஏற இடம் கிடைக்குமோ பிள்ளை?" என்று கேட்டார். இனிப் பின்வாங்க வழியில்லை. பங்குக் கோவில் நடந்துபோகும் தூரத்திலும் இல்லை. முதல்நன்மை வருவதோ மழைக்காலத்தில். அன்றைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் துருத்தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தாலும் என் மானம் கப்பலேறிவிடும்.

அந்தச் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தவர் மாமி. அப்பாவின் ஒரே தங்கை. இருவரும் தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்தவர்கள். அங்கேயே தாயும் தகப்பனும் நோயில் விழ, அவர்களைக் கடைசிவரை பராமரித்தவர் மாமி. ஊருக்குத் திரும்பியபோது அவருடன் வந்தவை ஒரு தையல் மெஷினும் ஒரு பிடிவாதமும். மாப்பிள்ளை பார்க்கிறோம் என்று யாராவது எங்கள் படலையைத் திறந்தால், மாமி பின்வேலியால் இறங்கிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு, எங்கள் ஆட்டைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். "எனக்கென்ன குறை? கதையை விடுங்கோ அண்ணன்," என்பார் மாமி. அப்பாவும் கதையை விட்டுவிடுவார். ஆனால் அன்றைக்குச் சோறு அரைவாசியில் எழும்பிவிடுவார்.

காரை முதலில் அப்பாவே திருத்த இறங்கினார். அரித்துப்போன சட்டத்தில் ஃபைபர் துணியை வைத்து, பசை பூசி, வள்ளத்துக்குச் செய்வதுபோலவே தடிப்பாகக் கட்டினார். மன்னார் டவுணில் வாங்கிய புது றப்பர் அந்தத் தடிப்பில் ஏறமாட்டேன் என்றது. அப்பா விடுவாரா? மரவள்ளங்களுக்குப் பூசிய காலத்துச் சுறா எண்ணெய் ஒரு டின் கிடந்தது. அதை எடுத்து றப்பருக்குத் தாராளமாகப் பூசினார்.

"கடல்தண்ணியையே உள்ள விடாத எண்ணெய். மழைத்தண்ணியை விடுமோ?" என்றார்.

நியாயமான கேள்வி. றப்பரும் வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டது. ஆனால் சில நாளில் எண்ணெய் குடித்த றப்பர் ஊறிப் பருத்து, வெயிலில் நெளிந்து, சட்டத்தை விட்டு வெளியே வந்து தொங்கியது. அதைவிடப் பெரிய சங்கடம் மணம். ஊரில் உள்ள பூனைகள் எல்லாம் எங்கள் காரின் மூடியில் வந்து படுத்துக்கொண்டன. மறைக்கல்வி வகுப்பில், நான் நற்கருணை வாங்கப் போவது சுறாவின் வயிற்றுக்குள் இருந்தபடி என்று பேச்சு அடிபட்டது. அன்று நான் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையில் அவர் போனை எடுத்தார்.

வங்காலையிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கார்கள் திருத்துகிறவர். அப்பாவைவிட நாலைந்து வயது இளையவர், கல்யாணம் கட்டாதவர், வாய் மூடாதவர். எங்கள் பக்கத்தில் அப்பா வயது ஆண்கள் எல்லாரும் பிள்ளைகளுக்கு மாமாதான். ஆகவே அவர் எனக்குக் கார் மாமா ஆனார். அவர் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு மணந்து பார்த்தார்.

"அண்ணை, இது கார்ச் சட்டமோ, வள்ளத்தின்ர முன் அணியமோ?"

"உறுதியா இருக்கவேணும் தம்பி."

"உறுதிதான். மீன்பிடிக்கவே போகலாம்."

அப்பாவிடம் இப்படிப் பேசிய ஒருவரை நான் அதற்குமுன் கண்டதில்லை. குசினி வாசலில் மாமியின் தலை ஒருமுறை எட்டிப் பார்த்து உள்ளே போனது.

கார் மாமா அப்பாவின் ஃபைபரை அரத்தால் தேய்த்து மெல்லிதாக்கினார். துருவை உரசி எடுத்து, மிச்ச ஓட்டைகளுக்குத் தகடு வைத்து ஒட்டினார். இதற்கெல்லாம் முன், எண்ணெய் குடித்த றப்பரைக் கழற்ற அவருக்கு ஏதாவது மழுங்கிய ஆயுதம் தேவைப்பட்டது. எங்கள் குசினியிலிருந்து ஒரு கரண்டி கேட்டார். காம்பை றப்பரின் உதட்டுக்கு அடியில் கொடுத்து மெதுவாகக் கிளப்ப, அது சட்டத்தை விட்டு எழும்பி வந்தது. "பாருங்கோ அண்ணை, போடத்தான் பாடு. ஒரு கரண்டிக் காம்பு போதும் கிளப்ப," என்று சொல்லிக் கரண்டியை அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

புது றப்பர் போடும் வேலையில் எனக்கும் பெரிய பங்கு. முதலில் றப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டினார். அளவுக்கு மேல் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டினார். இழுத்துப் பிடித்து அளந்தால் பிறகு சுருங்கி மூலையில் வாய் பிளக்குமாம். றப்பரின் வெளிப்பக்கம் சட்டத்தைக் கவ்வுவதற்கு ஒரு பள்ளம் ஓடுகிறது. அந்தப் பள்ளம் முழுக்க ஒரு கயிற்றைப் பதிக்கவேண்டும். அப்பா தங்கூசி என்கிற தூண்டில் நைலோனை நீட்டினார். அது மீனைப் பிடிக்கும், றப்பரை அறுத்துவிடும் என்று சொல்லி, வலையில் மிதப்புக் கட்டும் தடித்த கயிற்றை வாங்கிக்கொண்டார். சவர்க்காரத் தண்ணீரைப் பூசிக் கண்ணாடியை வெளியிலிருந்து சட்டத்தில் வைத்து அப்பாவும் அவரும் அழுத்த, உள்ளே சீட்டில் முழங்காலில் நின்ற நான் கயிற்றின் நுனியைப் பிடித்து இழுக்கவேண்டும்.

"மெல்ல, மெல்ல. அவசரப்படாதை பிள்ளை. என்னைப் பார்த்து இழு."

கயிறு வர வர, றப்பரின் உதடு பட் பட்டென்று சட்டத்துக்கு மேல் குதித்து ஏறியது. மூலைகளில் மட்டும் முரண்டு பிடித்தது. அவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் குத்த, நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். கடைசித் துண்டுக் கயிறு கையோடு வந்தபோது நான் சீட்டில் மல்லாக்க விழுந்தேன். அந்தக் கண்ணாடியைப் போட்டது நான்தான் என்று எனக்கு அன்றும் நினைப்பு, இன்றும் நினைப்பு.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. அம்மா கடைக்குப் போயிருந்ததால் கிணற்று வாளி மாமியின் கைக்கு வந்தது. கார் மாமா உள்ளே இருந்து கண்ணாடியின் விளிம்பெல்லாம் விரலால் தடவிக்கொண்டிருந்தார். மாமி ஊற்றினார். ஒரு சொட்டும் வரவில்லை. "இன்னும் ஊத்துங்கோ. மழையெண்டால் இப்பிடியே பெய்யும்? பயப்படாமல் ஊத்துங்கோ," என்று அவர் உள்ளே இருந்து பெருமை அடித்தார். மாமி மறுபடி கிணற்றடிக்குப் போய், நிரம்பி வழிகிற வாளியோடு வந்து, கண்ணாடியில் ஊற்றாமல், திறந்து கிடந்த பக்கச் சன்னலால் ஊற்றினார்.

கார் மாமா முதலில் தலைமயிரைப் பிழிந்தார். பிறகு நனைந்த மீசையைத் துடைத்துக்கொண்டு, "முன்கண்ணாடி நல்லா இருக்கு," என்றார்.

மாமி சிரித்துவிட்டார். சின்னச் சிரிப்பு அல்ல. வாளியைக் கீழே வைத்துவிட்டு, காரின் மூடியில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். முற்றத்தை ஒட்டிய கரையில் ஒரு வள்ளத்துக்குப் பசை பூசிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். தூரிகையைப் பிடித்தபடியே நின்றார். இறுகவைக்கும் மருந்து கலந்த பசை அதிக நேரம் பொறுக்காது. அவர் நின்ற நிலையில் டின்னுக்குள் முழுதும் கல்லாகிவிட்டது. ஒரு துளி பசையைச் சிந்தினாலே என்னைத் திட்டுகிற மனிதர், அந்த டின்னைப் பேசாமல் தூக்கி எறிந்தார்.

அதற்குப் பிறகுதான் கார் ஒழுகத் தொடங்கியது.

ஒரு காலை அப்பா கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தார். கண்ணாடியில் ஊற்றினார். வலப்பக்கக் கீழ்மூலையால் தண்ணீர் சீட்டுக்கு இறங்கியது. "இதென்ன வேலை? இது ஒரு வேலையோ?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். போன் பறந்தது. கார் மாமா வேர்க்க விறுவிறுக்க வந்து பார்த்தார். றப்பரின் உதடு மூலையில் மடிந்து எழும்பி நின்றது. "என்ர வேலை இப்பிடி விடாது அண்ணை," என்று தலையைச் சொறிந்தார். திரும்பக் கயிறு, திரும்பச் சவர்க்காரம், திரும்ப நான் உள்ளே. மாமி தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சில நாள் போக மறுபடி அதே மூலை. அப்பா இந்தமுறை கழுதைகளைக் குற்றம் சொன்னார். மன்னாரில் கழுதைக்கா பஞ்சம்? இரவில் வந்து காரில் முதுகு உரசுகின்றனவாம், அதனால்தான் றப்பர் கிளம்புகிறதாம். கார் மாமா அதையும் நம்பி, ஒரு பகல் முழுக்கப் பனைமட்டை வெட்டி, காரைச் சுற்றி வேலி அடைத்தார். மட்டைகளை எடுத்துக் கொடுத்தவர் மாமி. வேலிக்குள்ளேயும் மூலை ஒழுகியது. கழுதைகள் பாவம், வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

நான் இரண்டு விஷயங்களில் கார் மாமாவை வெறுத்தேன். ஒன்று, ஒரு மூலையை ஒழுங்காக ஒட்டத் தெரியாதவருக்கு எங்கள் வீட்டில் நடந்த உபசாரம். முதலில் வெறும் தேநீர், பிறகு பால்தேநீர், கடைசியில் நத்தார்ப் பண்டிகைக்கு மட்டுமே என் கண்ணில் படும் பயற்றம் பணியாரம். மற்றது, அப்பாவும் அவரும் றப்பரைப் பற்றிப் பேசாமல் கண்டதையும் பேசியது. தாய் தகப்பன் இருக்கினமோ, குடிக்கிற பழக்கம் உண்டோ, சொந்தத்தில் ஆர் ஆர் என்று அப்பா கேட்டுக்கொண்டே போவார். கார்க் கண்ணாடி ஒழுகுவதற்கும் ஒருவருடைய பெரியப்பா எங்கே கல்யாணம் கட்டினார் என்பதற்கும் என்ன சம்பந்தம்? முதல்நன்மையோ நெருங்கிக்கொண்டிருந்தது. நான் மடு மாதாவிடம் மன்றாடினேன். அந்த மூலையை மட்டும் அடைத்துத் தந்தால் ஒரு பெரிய மெழுகுதிரி கொளுத்துவேன் என்று நேர்ந்தேன்.

அதே நாட்களில் எனக்கு இன்னொரு பயமும் வந்தது. விடியற்காலையில் ஒருநாள் நான் எழும்பி வெளியே போனபோது, அப்பா குசினியிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். என்னைக் கண்டதும் திடுக்கிட்டு, "போய்ப் படு பிள்ளை," என்றார். இன்னொரு காலையும் அப்படியே கண்டேன். எனக்குத் தெரிந்து யாரும் விடியற்காலையில் கரண்டியோடு ஒளிந்து போவது மருந்து குடிக்கத்தான். முகாமில் அப்பாவின் தாய் தகப்பன் நோயில் போனது எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் ஏதோ வந்துவிட்டது, எங்களுக்குச் சொல்லாமல் மறைக்கிறார் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கத் தைரியம் இல்லை. மாதாவிடம் சொல்லும்போது மூலையோடு அப்பாவையும் சேர்த்துக்கொண்டேன்.

மூன்றாம் முறை ஒட்டிய பிறகு வந்த ஒரு காலை. அப்பா வழக்கம்போலக் கரண்டியோடு போனார். ஆனால் போன வேகத்தில் திரும்பிவிட்டார். கவிழ்த்துக் கிடந்த வள்ளத்தின் மேல் உட்கார்ந்து, தனக்குள்ளே தோள் குலுங்கச் சிரித்தார். கையில் கறுப்பாக ஏதோ ஒரு சின்னக் கம்பி. கிட்டப் போய்ப் பார்த்தேன். தலைக்குக் குத்தும் கொண்டை ஊசி.

"எங்கயப்பா கிடந்தது?"

"றப்பருக்குள்ள," என்றார்.

பிறகு குசினிக்குப் போய், கொண்டை ஊசியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அம்மா அதைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், முற்றத்துக் கொடியில் துணிகளைத் தோய்த்துப் போட்டுக்கொண்டிருந்த மாமியைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அன்றே அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு வங்காலைக்குப் பஸ் ஏறினார். நேரில் போய் நாலு கேள்வி கேட்கப் போகிறார் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

நாலு கேள்வி கேட்கப் போனவர், கார் மாமாவையும் அவருடைய அக்காவையும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் கூட்டிக்கொண்டு திரும்பினால் எப்படி இருக்கும்? வந்தவர்கள் கதிரையில் உட்கார்ந்து கதைத்தார்கள். காரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாமி பின்வேலிப் பக்கம் போவார் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. தலையைக் குனிந்தபடி கதவோரத்தில் நின்றார்.

"உனக்குச் சம்மதமோ தங்கச்சி?" என்று அப்பா கேட்டார்.

"சட்டை தைச்சு முடியேல்ல அண்ணன். பிள்ளையின்ர நன்மை முடியட்டும்," என்றார் மாமி.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் கண்ணைத் துடைத்தார். நான் பொறுமையிழந்து, அந்த மூலை என்ன ஆனது என்று கேட்டேன். கார் மாமா எழும்பிப் போய்க் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டு வந்தார். அவ்வளவுதான். கயிறும் இல்லை, சவர்க்காரமும் இல்லை. எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

முதல்நன்மை அன்று காலை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கார் மாமாவே ஓட்டினார். பக்கத்தில் அப்பா. பின்னால் அம்மாவுக்கும் மாமிக்கும் நடுவில் நான், மடியில் ஒரு பழைய துவாய் விரித்தபடி. வழி முழுக்கச் செபம் சொல்லச் சொல்லியிருந்தார்கள். நான் சொல்லவில்லை. வலப்பக்கக் கீழ்மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே தண்ணீர் அதன்மேல் அலையாக அடித்தது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. கோவில் வாசலில் காரைக் கண்ட வான்காரி வாயைப் பிளந்தாள். மனித வாழ்க்கையில் அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

அந்தக் கார் இப்போது வங்காலையில் மாமி வீட்டில் நிற்கிறது. கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த சீர் அதுதான். கண்ணாடி இன்றுவரை ஒழுகவில்லை. அந்த மூலையைக் கரண்டிக் காம்பால் கிளப்பிவிட்டுக்கொண்டிருந்தவர் அப்பா என்பதும், கடைசிமுறை அவர் கிளப்பப் போனபோது மாமி தன் கொண்டை ஊசியால் முந்திவிட்டார் என்பதும் நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். தன் கைவேலை ஒழுகியது என்றே இன்னும் வருந்தும் ஒரே ஆள் கார் மாமா. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா குசினியில் அந்தக் கரண்டியைக் கண்டெடுத்தார். காம்பு வளைந்து, நுனியெல்லாம் கறுப்பு. "இனி இது தேவையில்லைத்தானே?" என்று அப்பாவைக் கேட்டபடி சாம்பல் போட்டுத் தேய்த்தார்.

"இனி வேண்டாம்," என்றார் அப்பா. அப்படி நிம்மதியான ஒரு முகத்தை நான் அதுவரை அவரிடம் கண்டதில்லை.

மருந்து முடிந்துவிட்டது, அப்பாவுக்குச் சுகமாகிவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. மடுவுக்குப் போனபோது, மூலைக்காக நேர்ந்த மெழுகுதிரிக்குப் பக்கத்தில், அவருக்காக இன்னொன்றும் கொளுத்தினேன்.